சங்கு முத்திரை

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. கையெழுத்து விஷயமாத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும், காலையிலேயே உங்க ஆபீஸ் செலின் போன் பண்ணிச்சு. முதல்லயே சொல்லிடறேன், நான் போடறதா இல்ல. மெட்ராஸ்லேருந்து மூணு மணி நேரம் பஸ்ல குலுங்கி வந்திருக்கீங்க, அதனால காபி உண்டு. கையெழுத்து கிடையாது.

இந்தா, ரெண்டு காபி கொண்டா. ஒண்ணுல சர்க்கரை வேணாம்.

கோபம்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. முப்பத்தாறு வருஷம் சர்வே டிபார்ட்மென்ட்ல இருந்தவன். எல்லைக்கல் நடப் போனா ரெண்டு பக்கத்துக்காரனும் நம்மளைத்தான் திட்டுவான், கேட்டுக்கிட்டே அளந்துட்டு வந்தவன் நான். ஆனா இந்த ஒரு சமாச்சாரத்துல மட்டும் மனசு ஆறல. நீங்க கொண்டாந்த ஃபாரத்துல என்ன எழுதியிருக்கு? "திருக்காமு ஆகிய நான், என் குரலையும் என் குடும்ப முத்திரையின் பதிவுகளையும் பிரான்சில் காட்சிக்கு வைக்கச் சம்மதிக்கிறேன்." அதானே? என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் என்னை முழுசாக் கேட்கல. நீங்க கேளுங்க. கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

புதுச்சேரில நீலக்கடை வீடுன்னா தெரியாதவங்க கிடையாது. இப்ப கொஞ்சம் பேருக்குத் தெரியாது, அது வேற விஷயம். எங்க பாட்டனுக்குப் பாட்டன், அவருக்கும் பாட்டன், நமசிவாயர்னு பேரு. அவுரிச் சாயம் போட்ட நீலத்துணி வியாபாரம். பிரெஞ்சுக்காரன் அதுக்கு கினேன்னு பேர் வச்சிருந்தான். இங்கேருந்து பொதி பொதியாக் கப்பலேறி பிரான்ஸ் போய், அங்கேருந்து ஆப்பிரிக்கா போகும். ஒவ்வொரு பொதி மேலயும் எங்க முத்திரை இருக்கும். சங்கு. உள்ளங்கை அகலத்துல தேக்குக் கட்டை, அதுல செதுக்கின வலம்புரிச் சங்கு. இன்னமும் எங்க பூஜையறையில இருக்கு. ஒரு ஓரம் தேஞ்சு போயிருக்கும். எவ்வளவு அழுத்தியிருந்தா தேக்கு தேயும், யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு வியாபாரம்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதை எடுத்து, சந்தனம் குங்குமம் வச்சு, புதுத் துணியில ஒரே ஒரு தடவை அழுத்துவோம். வீட்டுக்கு மூத்த ஆம்பளைதான் அழுத்தணும். பொம்பளைங்க தொடவே கூடாது. முந்தின நாள் எண்ணெய் போட்டுத் தொடைச்சு, பூச்சி அரிக்காம கற்பூரம் வச்சு, துணி சுத்தி எடுத்து வைக்கிறது மட்டும் இவ, என் வீட்டுக்காரி, செய்வா. மத்தபடி தொடறதில்ல.

இந்தத் தெருவுக்கு நமசிவாயர் பேரை வைக்கணும்னு பதினாலு மனு குடுத்திருக்கேன் நான். பதினாலு. அதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க, கதைக்கு வேணும்.

போன வருஷம் செலின் வந்துச்சு. ஓவியக் கண்காட்சி நடத்தற உங்க ஆபீஸ்ல வேலைன்னு சொல்லிச்சு. ஒரு வெளிநாட்டு ஓவியர் மூணு மாசம் தங்கி வரையணும், உங்க வீட்டுப் பின்கட்டுல இருக்கிற பழைய சாயக் கிடங்கைக் குடுக்க முடியுமா, கண்காட்சியும் அங்கேயே, திறப்புக்கு அதிகாரிங்கள்லாம் வருவாங்கன்னு சொல்லிச்சு. எனக்கு உடனே மனு ஞாபகம் வந்துச்சு. சரின்னுட்டேன்.

வந்தது ஒதீல்னு ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும். பாரிஸ்ல இருக்கு. பொறந்தது மர்த்தினிக் தீவு, அமெரிக்கா பக்கம். அதுக்கு முன்னாடி ஆப்பிரிக்காவாம். நல்ல கறுப்பு. நான் தப்பா சொல்லல, நானும் கறுப்புதான், ஆனா நம்ம கறுப்பு வேற இல்லீங்களா. சரி, விடுங்க. ரொம்ப மரியாதையான அம்மா. செருப்பை வாசல்லயே விட்டுட்டுத்தான் உள்ள வரும். முதல் நாளே அதுகிட்ட சொன்னேன், செலினை மொழிபெயர்க்க வச்சுத்தான்: "உங்க ஊருக்கும் எங்க வீட்டுக்கும் பழைய தொடர்பு. எங்க துணியைத்தான் உங்க ஆளுங்க கட்டினாங்க"ன்னு. அந்தம்மா என்னையே பார்த்துச்சு. அப்புறம், "ஆமா, பழைய தொடர்பு"ன்னுச்சு. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

வரையறதுன்னா நான் நினைச்சது வேற. மனுஷன், மாடு, தென்னை மரம், ஏதோ ஒண்ணு இருக்கும்னு நினைச்சேன். அந்தம்மா சுவர் அகலத்துக்கு ஏழு வெள்ளைத்துணியைத் தரையில விரிச்சுது. கடற்கரைக்குப் போய்க் குடத்துல கடல் தண்ணி கொண்டாந்து ஊத்துச்சு. அவுரி நீலத்தை ஊத்துச்சு. காய விட்டுச்சு. மறுபடி ஊத்துச்சு. உப்பு பூத்து வெள்ளை வெள்ளையா நிக்கும், அதைத் தொடவே விடாது. எங்க மொட்டைமாடி ஒழுகினப்ப ஒருத்தன் ரெண்டு கோட்டு அடிச்சான், அப்படித்தான் இருந்துச்சு. கண்ணு கிடையாது, மூக்கு கிடையாது. ஒருநாள் பொறுக்காம கேட்டுட்டேன், இதுல என்னதான் இருக்குன்னு.

கடலுக்கு அடியில இருக்கிற ஊருன்னுச்சு.

கப்பல்லேருந்து கடல்ல விழுந்த பொம்பளைங்க யாரும் சாகலையாம். அடியில ஒரு ஊர் கட்டிக்கிட்டு இருக்காங்களாம். வயித்துப் பிள்ளையோட விழுந்தவளுக்குத் தண்ணிக்குள்ளேயே பிரசவமாகி, அந்தக் குழந்தை தண்ணியையே மூச்சா இழுக்குமாம். அவங்க சங்கு ஊதறதுதான் நமக்கு அலைச் சத்தமாக் கேக்குதாம். நல்ல கதை, இல்லீங்களா? நம்ம புராணத்துலயும் கடலுக்குள்ள எத்தனையோ இருக்கேன்னு நான் பதிலுக்கு ரெண்டு சொன்னேன். அவங்க எப்படி விழுந்தாங்கன்னு கேட்கல. கப்பல்னா ஆடும், விழுவாங்க.

சங்குன்னு சொன்னதும் சும்மா இருப்பேனா நான்? கூட்டிட்டுப் போய்ப் பூஜையறையில முத்திரையைக் காட்டினேன். அந்தம்மா அதைப் பார்த்துச்சு, அப்படியே தரையில உட்கார்ந்துடுச்சு. "பார்த்தியா, வெளிநாட்டுக்காரிக்கு இருக்கிற பக்தியை"ன்னு இவகிட்ட சொன்னேன். இவ போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தா.

ரெண்டு நாள் கழிச்சு செலினோட வந்து நின்னுச்சு. அந்த ஏழு துணியிலும் சங்கைப் பதிக்கணும், மொத்தம் இருநூத்தி முப்பத்தொண்ணு, முத்திரையைக் குடுப்பீங்களான்னு. குடுக்க மாட்டேன், வீட்டு மூத்த ஆம்பளைதான் அழுத்தணும், அது எங்க வழக்கம்னு சொன்னேன். அந்தம்மா ரொம்ப நேரம் யோசிச்சுது. அப்புறம், "அப்ப நீங்களே அழுத்துங்க, அதுதான் சரி"ன்னுச்சு. என்னா மரியாதை பாருங்க.

இருநூத்தி முப்பத்தொண்ணுங்கிறது எனக்குச் சரியாப் படல. நூத்தியெட்டுன்னா ஒரு கணக்கு. ரெண்டு நூத்தியெட்டு, இருநூத்திப் பதினாறு. "பதினஞ்சைக் கழிச்சிடலாமே, லட்சணமா இருக்கும்"னு சொன்னேன். செலின் அதை அந்தம்மாகிட்ட சொல்லவே இல்ல. அப்ப எனக்குப் புரியல. சின்னப் பொண்ணு, மறந்துடுச்சுன்னு நினைச்சேன்.

பதினோரு நாள். தினம் காலையில குளிச்சு, விபூதி பூசி, வேட்டி கட்டிக்கிட்டுப் போவேன். தட்டுல நீலச் சாயம் இருக்கும். அந்தம்மா பக்கத்துல மண்டி போட்டு உட்காந்து, இடத்தைக் காட்டி, ஒரு வார்த்தை சொல்லும். நான் அழுத்துவேன். பெந்தா. சிரா. கும்பா. ஆவா. இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. இது அர்ச்சனைதான்னு எனக்குப் பட்டுது. அர்ச்சனைன்னா நாமும் பதில் சொல்லணுமில்ல? அதனால "பெந்தா போற்றி"ன்னு சொல்லி அழுத்தினேன். "சிரா போற்றி." டொப். "கும்பா போற்றி." டொப். அந்தம்மா முதல் தடவை நிமிர்ந்து பார்த்துச்சு, அப்புறம் அடுத்த இடத்தைக் காட்டுச்சு. மூலையில ஒரு சின்ன மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏதோ வீடியோவுக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

சில இடம் வரும், அந்தம்மா கண்ணை மூடிக்கும். வார்த்தை வராது. கையை மட்டும் காட்டும். அர்ச்சனையில நடுவுல காலி விடலாமா? கூடாது. என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எங்க அம்மா பேரு கோகிலாம்பாள். "கோகிலாம்பாள் போற்றி." டொப். அடுத்த தடவை நின்னப்ப அத்தை அஞ்சலாட்சி. அப்புறம் செத்துப்போன என் தங்கச்சி தனபாக்கியம். அப்புறம் என் பொண்ணு வெண்ணிலா, பேத்தி, பெரியம்மா, சின்னம்மா, எனக்கு ஒண்ணாங்கிளாஸ் எடுத்த டீச்சர், பூக்காரி செண்பகம், ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்த மேரி. மொத்தம் இருபத்து மூணு இடத்துல அந்தம்மா நிறுத்துச்சு. இருபத்தி ரெண்டுக்கு நான் பேர் குடுத்தேன். இருபத்து மூணாவதுக்கு வரல. யோசிச்சுப் பார்த்தேன், தெரிஞ்ச பொம்பளைங்க பேரெல்லாம் தீர்ந்துபோச்சு. சும்மா அழுத்திட்டேன். டொப்.

காபி எடுத்துக்கோங்க. ஆறிடும்.

திறப்பு விழா. பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். கையில ஃபைல், உள்ள பதினஞ்சாவது மனு. கிடங்குக்கு வெள்ளையடிச்சு விளக்கு போட்டிருந்தாங்க. தூரத்துலேருந்து பார்த்தா ஏழு துணியும் கடல்தான். கிட்ட போனாத்தான் சங்கு சங்கா தெரியும். நல்லாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லமாட்டேன். அதிகாரி ஒருத்தர் என் கையைப் பிடிச்சு, "உங்க குடும்பத்துக்குப் பெரிய பெருமை"ன்னார். ஃபைலைத் திறக்கப் போறேன், மைக்ல அந்தம்மா பேச ஆரம்பிச்சுது. செலின் தமிழ்ல சொல்லிச்சு.

ஒரு கப்பல். ஆப்பிரிக்காக் கரையில வாங்கின இருநூத்தி முப்பத்தோரு பொம்பளைங்க, குழந்தைங்க. நடுக்கடல்ல தண்ணி பத்தலன்னு உயிரோட தள்ளி விட்டிருக்காங்க. அந்தக் கப்பல்ல வேலை பார்த்த ஒருத்தன் தெரிஞ்ச பேரையெல்லாம் எழுதி வச்சிருக்கான். தெரியாத இருபத்து மூணை விட்டுட்டான். அவங்களை எதைக் குடுத்து வாங்கினாங்கங்கிறதும் அதே காகிதத்துல இருக்கு. நீலத்துணிப் பொதி. பொதி மேல இருந்த அடையாளத்தையும் வரைஞ்சு வச்சிருக்கான். சங்கு. அதே மாதிரி ஓரம் தேஞ்ச சங்கு.

"அந்த முத்திரை இந்த வீட்டுல இருக்கு"ன்னு செலின் சொல்லிச்சு. "இதை அழுத்தினதும் இந்த வீட்டுக் கைதான்"னு.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. மூஞ்சியை இல்லம்மா. கையைப் பார்த்தாங்க.

அப்புறம் அந்த மெஷின்ல பதிஞ்சதைப் போட்டாங்க. அந்தம்மா குரல் ஒண்ணு, என் குரல் ஒண்ணு, டொப். நடுவுல நிசப்தம் வரும்போதெல்லாம் என் குரல் மட்டும். கோகிலாம்பாள் போற்றி. எங்க அம்மாவைக் கடல்ல தள்ளின மாதிரி இருந்துச்சு எனக்கு. வெண்ணிலா போற்றி. என் பொண்ணு பெங்களூர்ல நல்லா இருக்கா, அவளை எதுக்கு அந்தக் கூட்டத்துல சேர்க்கறாங்க?

செலினைத் தனியாக் கூப்பிட்டு, "உனக்கு முன்னாடியே தெரியும்தானே, ஏன் சொல்லல"ன்னு கேட்டேன். "நீங்க கேட்கவே இல்லையே ஐயா"ன்னுச்சு. எப்படி இருக்கு பாருங்க.

நான் கேக்கிறேன், நாங்க வித்தது துணி. துணியை வாங்கினவன் அதை வச்சு என்ன வாங்கினான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கப்பல்ல ஏத்தினதோட எங்க வேலை முடிஞ்சுது. நமசிவாயர் ஆப்பிரிக்காவைக் கண்ணால பார்த்தவரா? தினம் கோயிலுக்குப் போன மனுஷன். துணிதாம்மா. வெறும் துணி. அந்தம்மாகிட்டயும் இதைத்தான் சொன்னேன், மறுநாள். அது வாதம் பண்ணல. "உங்க வீட்டுப் பேரையெல்லாம் வெட்டி எடுத்துடச் சொன்னா எடுத்துடறேன். அந்த இடத்துல எதுவும் இருக்கக்கூடாதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். நீங்களா குடுத்தீங்க. இந்த வீட்டுலேருந்து அவங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் வந்ததில்ல"ன்னுச்சு. செலின் அதை மொழிபெயர்க்கும்போது அழுதுச்சு. எதுக்கு அழணும்?

முத்திரையா? உள்ளதான் இருக்கு. பட்டுத்துணி போர்த்தி வச்சிருக்கேன், தூசி படாம இருக்கட்டும்னு. இந்த ஆயுத பூஜைக்கு எடுக்கல, எனக்கு ஜலதோஷம். பதினஞ்சாவது மனுவும் அப்படியே கிடக்கு. நேரமில்ல.

அந்த இருநூத்திப் பதினாறு விஷயம் மட்டும்தான் உறுத்துது. பதினஞ்சைக் கழிச்சிடலாம்னு சொன்னேனே. அந்தம்மா காதுல விழாம போச்சு, அது வரைக்கும் நல்லது. ஆனா எனக்குத் தெரியுமில்ல, நான் சொன்னேன்னு. எந்தப் பதினஞ்சு பேரைக் கழிக்கச் சொன்னேன் நான்? இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன், திடீர்னு அது வந்து நிக்கும். சாப்பிட முடியாது.

இன்னொண்ணும் இருக்கு. அதைச் சொல்லிடறேன்.

விழா முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் இவ போய் அந்தக் கிடங்குல தனியா நின்னு முழுசையும் கேட்டிருக்கா. முக்கால் மணி நேரம் ஓடும் அது. மறுநாள் காலையில காபியை வைக்கும்போது சொல்றா, "என் பேர் வரலையே"ன்னு.

நான் சிரிச்சுட்டேன். "பைத்தியமா உனக்கு? செத்தவங்க லிஸ்ட்டுடி அது. சேராம தப்பிச்சதுக்குச் சந்தோஷப்படு"ன்னேன்.

"உங்க பொண்ணு செத்துட்டாளா? பூக்காரி செண்பகம் செத்துட்டாளா?"ன்னா.

"அதெல்லாம் யோசிச்சா சொன்னேன்? வாய்க்கு வந்துச்சு, சொன்னேன்."

"அதைத்தான் சொல்றேன். வாய்க்கு வரல"ன்னா. சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அவ்வளவுதான். நாப்பத்தோரு வருஷத்துல சண்டைன்னு ஒண்ணு வந்ததில்ல எங்களுக்குள்ள. இப்பவும் சண்டை இல்ல. காபி வருது, சோறு வருது, கூப்பிட்ட குரலுக்கு வர்றா. "இந்தா"ன்னா வருவா. கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான் கூப்பிடறேன், எங்க அப்பாவும் அப்படித்தான் கூப்பிட்டார். உங்க வீட்டுக்காரர் உங்களைப் பேர் சொல்லியா கூப்பிடறார்? இப்ப இருக்கிற பிள்ளைங்க கூப்பிடுவாங்க. எங்க காலத்துல அது மரியாதையில்ல. சொல்லக்கூடாதுன்னு இல்ல, சொல்லத் தேவை வந்ததில்ல.

ஆனா அதுக்கப்புறம் நானும் ஒருநாள் யாரும் இல்லாத நேரமாப் பார்த்துக் கிடங்குக்குப் போய் அதைப் போட்டுக் கேட்டேன். அந்த இருபத்து மூணாவது இடம் வந்துச்சு. அந்தம்மா குரல் இல்ல. என் குரலும் இல்ல. டொப்னு கட்டைச் சத்தம் மட்டும். மொத்தத்துல பேர் சொல்லாம அழுத்தினது அது ஒண்ணுதான். அப்பத்தான் தோணுச்சும்மா. எங்க நமசிவாயரும் அவர் பிள்ளைங்களும் ஆயுசு பூரா அப்படித்தானே அழுத்தியிருப்பாங்க. டொப், டொப்னு. கட்டை தேயற வரைக்கும்.

துணிதான். நான் இல்லேங்கல. துணிதான்.

அதான் கையெழுத்துப் போட மாட்டேங்கிறேன், புரியுதா? என் அம்மா பேரும் பொண்ணு பேரும் போகட்டும். செண்பகத்துக்கிட்டயும் சொல்லிட்டேன், அவளுக்குப் பெருமைதான், பிரான்சுக்குப் போறேன்னு தெரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியறா. ஆனா அந்த ஒரு இடம் காலியாப் போகக்கூடாது. நாளைக்கு அங்க ஒருத்தன் கேட்டுட்டு, இந்த மனுஷனுக்குப் பொண்டாட்டியே கிடையாது போலிருக்குன்னு நினைச்சா, நல்லாவா இருக்கும்? அதுக்காகத்தான். வேற ஒண்ணுமில்ல.

உங்க போன்ல ரெக்கார்டு பண்ணா அவங்க அதைச் சேர்த்துக்குவாங்களா? அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க, வேணாம்னா வேணாம், அது அவங்க இடம். சேர்த்துக்கிட்டா கையெழுத்துப் போடறேன். பேனா என்கிட்டயே இருக்கு. முத்திரையை வேணா இவளே எடுத்துட்டு வந்து அழுத்தட்டும். எண்ணெய் போட்டுத் தொடைச்சவளுக்கு அழுத்தத் தெரியாதா என்ன?

போட்டுட்டீங்களா? சிவப்பா ஒண்ணு எரியுது, அதானா? கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

மரகதவல்லி.

மரகதவல்லி.

உள்ளதான் இருக்கா, பாத்திரச் சத்தம் கேக்குது பாருங்க. காது நல்லாக் கேக்கும் அவளுக்கு. யாரையோ கூப்பிடறேன்னு நினைச்சுக்கிட்டா போல. அணைச்சிடாதீங்கம்மா. இன்னொரு தடவை சொல்றேன்.